நான் தின்ற ஒட்டகச்சிவிங்கி

செப்டம்பர் 12, செவ்வாய்

இன்றும் வந்தன. கம்பங்கூழ் கரைத்துக்கொண்டிருந்தபோதே காராமணி வயல் பக்கம் அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. பெரிய சத்தம் இல்லை, கொடியைப் பிடுங்கி இழுக்கிற சர்ரக் சர்ரக். தகரத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். தட்டினேன், கத்தினேன். மூன்று பெரிய ஒட்டகச்சிவிங்கிகள் தலையைத் தூக்கி, ஏதோ நான் அவற்றின் வயலுக்குள் வந்துவிட்ட மாதிரி மேலேயிருந்து பார்த்தன. வாயில் என் கொடி.

கல் எறியக்கூடாது. கம்பால் தொடக்கூடாது. நாயை ஏவக்கூடாது. பசியோடு படுக்கிற எந்த மனிதருக்கும் இந்த நாட்டில் இல்லாத காவல் இந்த நெட்டைக்கழுத்துகளுக்கு இருக்கிறது. ஒன்றைக் கொன்றால் ஜெயில். அது என் வயலை மொட்டையடித்தால்? "மேல எழுதிப் போட்டிருக்கோம்" என்பார்கள் வனக்காவல்காரர்கள். மேலே என்றால் எங்கே? அந்தக் கழுத்து போகிற உயரத்திலா?

வீட்டுக்காரர் சுமானா எல்லை தாண்டிக் கோட்டோனுத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார். வீட்டில் திட்டுவதற்கு ஆளில்லை. பிள்ளைகளையே எத்தனை முறை திட்டுவது? அதனால்தான் இந்த நோட்டு. படித்த படிப்பு இதற்காவது உதவட்டும்.

செப்டம்பர் 14, வியாழன்

கிம்பா வந்தான். என் மாமன் மகன். தலைநகர் நியாமேயிலிருந்து வருகிறவர்களுக்கு ஒட்டகச்சிவிங்கி காட்டும் வழிகாட்டி. கழுத்தில் அட்டை, மூக்கில் கறுப்புக் கண்ணாடி, வாயில் எப்போதும் பல்குச்சி.

"ஏ அடிமை, என் மாடுங்களுக்குத் தீனி போட்டியா?"

"உன்னை வித்த காசுல போட்டேன்டா. ஒரு கட்டு கொடிக்கே பத்தல."

வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமன் மகனும் அத்தை மகளும் எங்களில் இப்படித்தான் பேசியாக வேண்டும். யார் யாருக்கு அடிமை என்பது பிறந்ததிலிருந்து ஓடுகிற வழக்கு. அவன் ஒன்று சொன்னால் நான் அதற்கு மேல் ஒன்று சொல்ல வேண்டும். இல்லை என்று மறுத்தால் தோற்றேன். கோபப்பட்டாலோ, மரியாதை கொடுத்துப் பேசினாலோ உறவே முறிந்தது.

போகும்போது சொன்னான், காது கிழிந்த குட்டியையும் அதன் தாயையும் கொஞ்ச நாளாகக் காணோமாம். மேட்டுக் காடு முழுக்கத் தேடிவிட்டார்களாம். காணாமலே போகட்டும்.

செப்டம்பர் 17, ஞாயிறு

இரண்டு வண்டி. கிம்பா முதல் வண்டியின் கூரைமேல் ராஜா மாதிரி உட்கார்ந்து கையை நீட்டி வழி காட்டிக்கொண்டு வந்தான். நேராக என் வயலுக்கு! ஏனென்றால் அவை என் வயலில் நின்றுகொண்டிருந்தன.

இறங்கினார்கள். அழகாம். "எவ்வளவு அழகு, எவ்வளவு அமைதி" என்று ஒரு அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஒதில் என்று பெயர், ஒட்டகச்சிவிங்கிகளுக்காகவே நடக்கிற ஏதோ சங்கத்தில் பெரிய ஆள். கண்ணில் தண்ணீர் வேறு. அது மென்றுகொண்டிருப்பது என் பிள்ளைகளின் சோறு. நின்றுகொண்டிருப்பது என் கொடிமேல். அந்த அம்மாளும்தான்.

நான் தட்டோடு நின்றேன். ஒதில் அம்மாள் கிம்பாவிடம் காது கிழிந்த குட்டியைப் பற்றிக் கேட்டாள். இந்தப் பயல் என்னைக் கையைக் காட்டி, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், பிரெஞ்சில் சொன்னான்: "இதோ நிக்கிறாளே, இவதான் தின்னுட்டா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மறுத்திருக்கலாம். எப்படி மறுப்பேன்? அவன் முன்னாலா? எங்கள் மொழியில் பதில் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். நானும் பள்ளிக்கூடம் போனவள் என்று காட்ட வேண்டாமா? அதே பிரெஞ்சில், நல்ல உச்சரிப்போடு சொன்னேன்: "ஆமா, தின்னேன். கழுத்தை வேகவைக்கத்தான் பானை பத்தல. ரெண்டா மடிச்சு வெச்சேன். உப்பும் கொஞ்சம் கம்மி."

கிம்பா கூரையிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தான். வண்டியோட்டிகள் சிரித்தார்கள். ஒதில் அம்மாள் சிரிக்கவில்லை. அவள் போன் என் பக்கமே இருந்தது.

இருந்தால் என்ன? இன்றைக்கு வழக்கில் நான்தான் ஜெயித்தேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

கிணற்றடியில் எல்லோரும் "கழுத்துக்கு எந்த மசாலா போட்டே?" என்கிறார்கள். நல்ல பேர்.

செப்டம்பர் 22, வெள்ளி

இதை எழுதித்தான் தீர வேண்டும்.

தொழுகை முடிந்ததும் வனக்காவல் வண்டி வந்தது. அதிகாரி லாவாலி, கூட இரண்டு பேர். ஊர்த்தலைவர், தெருவில் பாதி ஜனம் எல்லாம் பின்னால். என் வாசலில்! என் வாசலில் வந்து, சட்டிபானையைத் திறந்து பார்க்கிறார்கள்!

"அக்கா, எனக்குப் புரியுது. இது கேலின்னு எனக்குத் தெரியும்" என்றார் லாவாலி. கிழக்கே சிண்டர் ஊர்க்காரர். "எங்க பக்கமும் இந்த முறை உண்டு. ஆனா அந்தப் படம் நியாமேல எல்லார் கையிலயும் இருக்கு. உங்க வாயாலயே தின்னேன்னு சொல்லியிருக்கீங்க. குட்டியையும் காணோம். தாள்ல கேலின்னு எழுத இடம் இல்லக்கா."

தானியக் குதிருக்குள் கையை விட்டார்கள். மெத்தையைப் புரட்டினார்கள். கயிற்றில் பக்ரீத் ஆட்டுக்கறி உப்புக்கண்டம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார்கள். சோதனைக்காம்.

"அது ஆடு! என் ஆடு! ஊருக்கே தெரியும், அதோட கொம்பு கூட அங்க கிடக்கு பாருங்க!"

அப்போதுதான் கிம்பா கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தான். "அந்தப் பெரிய பானையையும் பாருங்க சார்! கழுத்து அங்கதான் மடிஞ்சு கிடக்கும்!"

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் என்ன திருப்பிச் சொல்லப்போகிறேன் என்று. என் பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் என் துணிமூட்டையை உதறிக்கொண்டிருக்கிறான். இவனுக்குப் பானை.

எனக்குள் என்னவோ அறுந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன். அவன் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்: "கிம்பா அவர்களே, வெயில்ல நிக்கிறீங்களே. உக்காருங்க. குடிக்கத் தண்ணி கொண்டுவரட்டுங்களா?"

சிரிப்பு நின்றது. ஊர்த்தலைவர் வாயில் கையை வைத்தார். கிம்பாவின் பல்குச்சி கீழே விழுந்தது.

செப்டம்பர் 23, சனி

அக்டோபர் ஒன்பதாம் தேதி நியாமேயில் ஆஜராக வேண்டும். அதற்குள் குட்டி உயிரோடு கிடைத்தால் ஒன்றுமில்லை. கிடைக்காவிட்டால் அங்கேயே வைத்துக்கொள்வார்களாம். பிள்ளைகள்? யார் வீட்டில்? அறுப்பு யார் அறுப்பது?

செப்டம்பர் 25, திங்கள்

லாவாலி வாக்குமூலத்துக்கு வந்தவர் மனசு கேட்காமல் சொல்லிவிட்டுப் போனார். நிலையத்தில் கிம்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம்: "நீ சொன்னது விளையாட்டா, நிஜமா?" விளையாட்டு என்றால் வந்தவர்களிடம் பொய் சொன்ன வழிகாட்டி, அட்டை போய்விடும். இவன் சொன்னானாம்: "எனக்குத் தெரியாது சார். ஊர்ல பேசிக்கிட்டாங்க."

எனக்குத் தெரியாது! ஒரே தட்டில் தின்று வளர்ந்தவன். எனக்கு அம்மை போட்டபோது வாசலில் உட்கார்ந்து "சீக்கிரம் சாவுடி, உன் பங்குப் பாலும் எனக்கு" என்று கத்தி என்னைச் சிரிக்க வைத்தவன். எனக்குத் தெரியாது சார்!

நாசமாய்ப் போ. இல்லை, அதையும் சொல்ல மாட்டேன். நாசமாய்ப் போ என்று சொன்னால் சந்தோஷப்படுவான். நலமாக இருங்கள், கிம்பா அவர்களே. நீடூழி இருங்கள்.

செப்டம்பர் 26, செவ்வாய்

வாசலில் வந்து நின்றான். "ஏ அடிமை" என்றான், குரல் பாதிதான் வந்தது.

"வாங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியங்களா? ஆடு மாடு சௌக்கியங்களா? மழை உங்களுக்கு நல்லாப் பெஞ்சுதுங்களா?"

நின்றான். கண்ணாடியைக் கழற்றினான். போய்விட்டான். எனக்கு நன்றாக இருந்தது. மத்தியானம் வரை நன்றாக இருந்தது.

செப்டம்பர் 28, வியாழன்

கிம்பாவின் மனைவி சாலாமத்து வந்தாள். "அக்கா, அவரைத் திட்டிடு. ஒரே ஒரு தடவை. கேட்கக் கூசுற மாதிரித் திட்டு. சோறு இறங்க மாட்டேங்குது."

"அவரைத் திட்ட நான் யாரும்மா? மரியாதையானவரு. சர்க்கார் அட்டை வெச்சிருக்காரு."

"அத்தை மக பேச்சை நிறுத்திட்டா வீட்டுக்கு ஆகாதுன்னு எங்கம்மா அழுவுறாங்க."

"நிறுத்தலையேம்மா. நல்லாத்தானே பேசுறேன்?"

அழுதுகொண்டே போனாள். பாவம் அவள். ஆனால் என் பிள்ளைகளை யார் பாவம் பார்த்தார்கள்?

அக்டோபர் 1, ஞாயிறு

ஊர்த்தலைவர் வழியாகக் கோலாக் கொட்டை அனுப்பியிருக்கிறான், மன்னிப்புக்கு. வாங்கிக்கொண்டேன். கொண்டுவந்தவர்களுக்கே அதைப் பங்கு வைத்துக் கொடுத்து, கிம்பா அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லச் சொன்னேன்.

வண்டிகள் இன்றும் வந்தன. ஒரு பெண்மணி என்னை ஒளிந்திருந்து படம் எடுத்தாள். தின்றவள் இவள்தான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் 3, செவ்வாய்

விடியற்காலையில் மோட்டார்சைக்கிள் சத்தம். கிம்பா. தாடி நான்கு நாள் தாடி. வழிகாட்டி உடுப்பு இல்லை.

"தாய் கறுப்பு முழங்கால்காரி. மழை சீக்கிரம் நின்னுட்டதால அவ முன்னாலயே தல்லோல் பள்ளத்துக்கு இறங்கியிருப்பா. நான் சந்தைக்கு வர்ற ஃபுலானி மாட்டுக்காரங்ககிட்ட விசாரிச்சேன். போயிப் பாக்கலாம். நீயும் வா. நான் மட்டும் பாத்தேன்னு சொன்னா இனி யாரும் நம்ப மாட்டாங்க."

"உங்களுக்கு ஏங்க சிரமம்?"

கண்ணை மூடிக்கொண்டான். "பிபாத்தா, ஏறு."

ஜெயிலா, இவன் முதுகா என்று யோசித்தேன். பிள்ளைகளைச் சாலாமத்துவிடம் விட்டுவிட்டு ஏறினேன். நடுவில் என் பையை வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 5, வியாழன்

நேற்று ராத்திரி திரும்பினேன். உட்கார முடியவில்லை, குப்புறப் படுத்து எழுதுகிறேன்.

செவ்வாய் முழுக்க மேட்டுக் காடு. ஒரு பட்டை புதர், ஒரு பட்டை வெறும் செம்மண், மறுபடி புதர். இடுப்பு கழன்றுவிட்டது. அவன் இறங்கி மண்ணைப் பார்ப்பான், கிளை நுனியைப் பார்ப்பான், ஏறுவான். நான் மட்டும் "மெதுவாப் போங்க", "பள்ளம் பாத்துப் போங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தேன், ஒவ்வொன்றும் அவன் முதுகில் குத்துகிற மாதிரி.

மத்தியானத்துக்கு மேல் ஒரு ஒட்டகச்சிவிங்கிக் கூட்டம் தென்பட்டது. நாம் தேடுவது இதில் இல்லை என்றான். வண்டிச் சத்தத்தில் மிரண்டு ஓடின. இத்தனை வருஷத்தில் நான் அவற்றை என் வயலில்தான் பார்த்திருக்கிறேன், என் கையில் தட்டோடு, என் வாயில் வசவோடு. வெட்டவெளியில் அவை ஓடிப் பார்த்ததில்லை. அவசரமே படாமல் ஓடின. கால்கள் ஒரு வேகத்தில், கழுத்து வேறொரு வேகத்தில், மண்ணைத் தொட்டும் தொடாமலும். அழகாகத்தான் இருந்தது. அந்த ஒதில் அம்மாள் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டதே என்று ஆத்திரம் வந்தது.

ராத்தங்கியது ஒரு ஃபுலானிக் குடியிருப்பில். மறுநாள் காலையில் பள்ளத்தில் இறங்கியதும் கூச்சல் கேட்டது. பெண் குரல். என் குரல் என்றே நினைத்தேன், அவ்வளவு பழகிய வசவு. ஒரு காராமணி வயல். நடுவில் கறுப்பு முழங்கால்காரி. பக்கத்தில் குட்டி, வலது காது கிழிந்து, வாய் நிறையக் காய். ஒரு பெண் உலக்கையை ஓங்கிக்கொண்டு அதன் கால்களை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

நான் வண்டியிலிருந்து குதித்தேன். எப்படி ஓடினேன் என்று தெரியாது. குட்டிக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்று கையை விரித்தேன். நான்! ஒட்டகச்சிவிங்கிக்கு!

"அடிக்காத! அடிக்காதம்மா!"

"உன்னுதா அது?" அவள் பெயர் டிக்கோ. கண் சிவந்திருந்தது.

"என்னுது இல்ல. அது செத்தா நான் ஜெயிலுக்குப் போவேன்."

"ஜெயிலுக்குப் போ! என் புள்ளைங்க என்ன திங்கும்?"

நான் தினமும் கத்துகிற கேள்வி அது. பிறகு, அடிக்காதே என்றதைவிடக் கேவலமானதைக் கேட்டேன். கிம்பா போய் அதிகாரியைக் கூட்டிவர வேண்டும், அதுவரை குட்டி அங்கேயே நிற்க வேண்டும். அது நிற்க வேண்டுமானால் தின்ன வேண்டும்.

"தின்ன விடும்மா. சாயங்காலம் வரைக்கும். எவ்வளவு தின்னுதோ அவ்வளவும் என் வயல்ல இருந்து உனக்கு அறுத்துத் தர்றேன். என் புள்ளைங்க மேல சத்தியம்."

டிக்கோ என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். உலக்கையைக் கீழே போட்டாள். கிம்பா வண்டியைத் திருப்பினான். நாங்கள் இருவரும் வரப்பில் உட்கார்ந்து, அது தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீளக் கறுப்பு நாக்கு, பொறுமையாக, காய் காயாக. அவள் ஒவ்வொரு காய்க்கும் ஒரு வசவு சொன்னாள். நான் ஒத்துப் பாடினேன். ஃபுலானியில் சில நல்ல வசவுகள் கற்றுக்கொண்டேன்.

பொழுது சாயும்போது லாவாலி வந்தார். குட்டியைப் பார்த்தார், காதைப் பார்த்தார், படத்தோடு ஒத்துப் பார்த்தார். கிம்பா அவர் முன்னால் போய் நின்றான்.

"சார், அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னேன். பொய். எனக்குத் தெரியும். நான் ஆரம்பிச்ச கேலி அது. எழுதிக்குங்க."

"எழுதினா அட்டை போயிரும்டா."

"எழுதிக்குங்க சார்."

அட்டையைக் கழற்றிக் கொடுத்தான். அதில்லாத கழுத்து வெளுத்துத் தெரிந்தது. என் பக்கம் திரும்பி நின்றான். காத்துக்கொண்டு நின்றான்.

"ரொம்ப நன்றிங்க" என்றேன்.

முகம் சுருங்கிப்போயிற்று. இருக்கட்டும். ஒரு பொய்யைத் திரும்ப எடுத்துக்கொண்டால் போதுமா? என் துணிமூட்டையை உதறியவன் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நான் இல்லாத நேரத்தில் மற்றவை வந்து என் மேற்கு மூலையை வழித்துவிட்டுப் போயிருக்கின்றன.

அக்டோபர் 10, செவ்வாய்

நியாமே போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கறி ஆட்டுக்கறிதானாம். பெரிய கண்டுபிடிப்பு. திருப்பித் தரவில்லை. சோதனையில் தீர்ந்துவிட்டதாம். எந்த வாயில் நடந்த சோதனையோ.

அக்டோபர் 13, வெள்ளி

டிக்கோவின் ஆட்கள் கழுதை வண்டியோடு வந்தார்கள். சொன்னபடி ஏற்றிவிட்டேன். வண்டி நிறையப் போயிற்று. இருக்கிறதை வைத்து மார்ச் வரை ஓட்டலாம், அதற்கு மேல் சுமானா அனுப்பினால்தான்.

அக்டோபர் 17, செவ்வாய்

கிம்பா ரோட்டடிச் சந்தையில் விறகு இறக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். நான் வெங்காயம் வாங்க மறந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

அட்டை திரும்பக் கிடைத்துவிட்டது என்று சாலாமத்து சொல்லியிருந்தாள், ஒரு நிபந்தனையோடு: வந்தவர்கள் முன்னால் ஊர்க்காரர்களிடம் கேலி கூடாது. இன்னொரு முறை நடந்தால் அட்டை போனது போனதுதான்.

இன்று ஒரு வண்டி வந்தது. ஐந்தாறு பேர், புதுமுகங்கள். கிம்பா கூரைமேல் இல்லை, உள்ளே உட்கார்ந்து வந்தான். என் வரப்பில் யாரும் கால் வைக்காமல் ஓரமாக நிறுத்தினான். இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு, பிரெஞ்சில் சொன்னான்: "இவங்க மதாம் பிபாத்தா. வயலுக்குச் சொந்தக்காரங்க." பிறகு என்னிடம், எங்கள் மொழியில், என் முகத்தைப் பார்க்காமல்: "சௌக்கியங்களா? புள்ளைங்க நல்லா இருக்காங்களா?"

கோபத்தில் சொல்லவில்லை, குத்திக்காட்டச் சொல்லவில்லை. நிஜமாகவே மரியாதையாகச் சொன்னான். யாரோ ஒருத்தியிடம் பேசுகிற மாதிரி. இத்தனை நாளாக அவனுக்கு இப்படித்தான் இருந்திருக்குமா? நன்றாக வேண்டும் அவனுக்கு. எனக்கும்தான்.

ஒட்டகச்சிவிங்கிகள் தூரத்தில் நின்றன. ஒரு இளைஞன் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே கேட்டான், போன வாரம் பிறந்த குட்டி ஒன்று கண்ணில் படவில்லையாமே, எங்கே போயிற்று என்று.

கிம்பா வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். பிரெஞ்சில், நல்ல உச்சரிப்போடு. "இதோ நிக்கிறானே என் அடிமை, இவன்கிட்ட கேளுங்க. இவன்தான் தின்னுட்டான்."

போன் அவன் பக்கம் திரும்பியது. வண்டியோட்டி "ஐயோ" என்றான். கிம்பா போனைப் பார்த்தான். கை அட்டைக்குப் போயிற்று. என்னைப் பார்த்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் பிழைத்துக்கொள்வான். நானும் அதற்குப் பிறகு அவனை எதற்கும் கூப்பிட மாட்டேன். இருவருக்கும் தெரியும்.

"ஆமா, தின்னேன்" என்றான், பிரெஞ்சில், ஊருக்கே கேட்கிற மாதிரி. "உப்பு கேட்டு இந்த அடிமை வீட்டுக்குத்தான் போனேன். தரல. கஞ்சப் பொணம்!"

போன் இன்னும் அவன் முகத்தில்தான் இருந்தது. நான் மீதிக் காராமணியைப் பறிக்கப் போய்விட்டேன். சாயங்காலம் அவன் வீட்டுக்கு ஒரு பொட்டலம் உப்பு கொடுத்தனுப்பினேன்.